சென்சஸ் மிஸ் கழித்த ஒரு தலை

ராயபுரம் பாலத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் சென்சஸ் மிஸ் எண்ணாத தலை ஒன்றுகூடக் கிடையாது. கடற்கரைக்குப் போனால் மற்றவர்கள் அலையைப் பார்ப்பார்கள். அவர் அலையில் கால் நனைப்பவர்களை வயதுவாரியாகப் பிரிப்பார். என் தலையை மட்டும் குறைந்தது ஆயிரம் முறை எண்ணியிருப்பார். முடி இருந்த காலத்திலும் எண்ணினார், இல்லாத காலத்திலும் எண்ணினார். "தலைன்னா தலைதான் சார். மேல இன்னா கீதுன்றது நமக்கு வேணாம். உள்ள இன்னா கீதுன்றதும் வேணாம்" என்பார். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்ப்பார்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே மடங்கும் ஒரு தெருவில் எங்கள் பள்ளி. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்த இரண்டு பேர்: அவரும் நானும். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் பதினோரு நாள் முன்னால். அந்தப் பதினோரு நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தால், ஜோசியர் நல்ல நாள் குறித்துத் தரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வருகிறது. அந்த ஜோசியரைப் பிறகு நான் தேடாத இடமில்லை.

வரலாறு எனக்கு, புவியியல் அவருக்கு என்று ஓர் ஒப்பந்தம். மக்கள்தொகைப் பாடம் வந்துவிட்டால் என் வகுப்பையும் பிடுங்கிக்கொள்வார். மக்கள் அடர்த்தி என்றால் என்ன என்று வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டுக் காட்டுவார். அதில் ஐந்து பிள்ளைகளை நிறுத்தி, "இது மீஞ்சூர் தாண்டி" என்பார். பதினைந்து பேரை நிறுத்தி, "இது எண்ணூர்" என்பார். ஒருநாள் முப்பது பேரைத் திணித்து, "இது காசிமேடு. நாளைக்கு இதே காசிமேட்டுக்கு இன்னொருத்தர் குடிவர்றார்" என்று சொல்லி, வராந்தாவில் சும்மா போய்க்கொண்டிருந்த என்னை உள்ளே தள்ளினார். நான்கு நிமிடம் கழித்து வெளியே வந்தேன். என் மூக்குக்கண்ணாடி வரவில்லை.

ஒருமுறை பேருந்தில் திடீரென்று எழுந்து நின்று, "அறுவது வயசுக்கு மேல கீறவங்க கை தூக்குங்க" என்றார். பாதிப் பேருந்து கை தூக்கியது. கண்டக்டர் முன்னாலிருந்து கத்தினார்: "யம்மா, நீ இன்னா, ஓட்டு கேக்குறியா, ஊசி போடப் போறியா?"

பிறப்பு விகிதத்துக்கு அவர் கல்யாண மண்டபம் போவார்; இறப்பு விகிதத்துக்கு மூலக்கொத்தளம் மயானம். தண்டையார்பேட்டையில் ஒரு பழைய மாணவனின் கல்யாணத்தில் பரிசைக் கொடுத்துவிட்டு மணமக்களிடம், "ஜனத்தொகை கொறையாம நிக்கணும்னா ஒரு பொம்பளைக்கு ரெண்டு புள்ளி ஒண்ணு. அத்த மனசுல வச்சிக்கோங்க" என்றார்.

மாப்பிள்ளை பவ்யமாகக் கேட்டான்: "ரெண்டு ஓகே மிஸ். அந்தப் புள்ளி ஒண்ண எப்டி பெக்குறது?"

"பத்து வூடு சேர்ந்து ஒண்ணு பெத்துக்கணும்" என்றார் மிஸ், கணக்கு சுத்தமாக.

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பெண்ணின் அப்பா என்னைத்தான் முறைத்தார். பக்கத்தில் நின்ற பாவம் எனக்கு.

மூலக்கொத்தளத்துக்குப் பத்தாம் வகுப்பையே வரிசையாகக் கூட்டிப் போனார். பிள்ளைகள் கல் கல்லாகப் பார்த்துப் பிறந்த வருடம், இறந்த வருடம் என்று நோட்டில் எழுதினார்கள். அங்கே வேலை பார்ப்பவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, எதுனா எடம் பாக்குறீங்களா? எத்தினி பேருக்கு?" என்று விசாரித்தார். ஒரு கல்லில் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பே ஒருவர் இறந்திருந்தார். அந்தக் கல்லின் முன்னால் மிஸ் கால்மணி நேரம் நின்று, "கொத்தனாரை விசாரிக்கணும்" என்றார். மறுநாள் பெற்றோர் படை வந்தது. "புள்ளய படிக்க அனுப்சா சுடுகாட்டுக்கு இட்டுனு போறியே, நல்லா கீதா இது?" என்று கேட்ட அம்மாவிடம் மிஸ் அமைதியாகச் சொன்னார்: "எல்லாப் புள்ளையும் திரும்பக் கூட்டினு வந்துட்டேன்மா. எண்ணிப் பாத்துட்டேன்."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டுதான் சென்ற வருடம் நான் ஒரு திருட்டுத்தனத்தில் இறங்கினேன்.

விஷயம் இதுதான். பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர்களில் ஒருவர் உபரி. உபரி ஆகிறவரை, ஆள் தேவைப்படும் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பெயர் பணிநிரவல். ஆகஸ்டில் அதிகாரி வந்து தலை எண்ணுவார். எங்களுக்குப் பிள்ளைகள் மயிரிழையில் நின்றார்கள். ஒரு தலை குறைந்தாலும் சமூக அறிவியலில் ஒரு பணியிடம் போய்விடும். இருவரில் இளையவர் கிளம்ப வேண்டும். இளையவர், பதினோரு நாள் வித்தியாசத்தில், நான்.

காலியிடம் இருந்த பள்ளி பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம். படகு, பிறகு பஸ், பிறகு நடை. வகுப்பில் மாட்டியிருந்த வரைபடத்தில் அந்த ஊரைத் தேடினேன். அது இருக்க வேண்டிய இடத்தில் ஆணி அடித்திருந்தது.

மக்கள்தொகைப் பாடங்களில் இடப்பெயர்வை மட்டும் மிஸ் எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போடுகிறேன். என் சொந்த இடப்பெயர்வு, ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை. அதுவும் மாமனார் வீட்டு மாடிக்கு. எனக்குப் படகில் ஏறினால் தலை சுற்றும். படகை நினைத்தாலே சுற்றும் என்பதை அந்த மாதம்தான் கண்டுபிடித்தேன். கொசுவலை வாங்கினேன். பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று வீடியோ பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு பாம்பில்லாத தண்டையார்பேட்டையிலும் செருப்பைத் தட்டிவிட்டுத்தான் போட்டேன்.

அதிகாரி வந்த நாள் ஆடி வெள்ளி. பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழா. காலையில் பார்த்தால் வகுப்புக்கு வகுப்பு பெஞ்சுகள் காலி. நாற்பத்தொரு பிள்ளைகள் வரவில்லை. தலைமையாசிரியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், நேரம் என்ன என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

எனக்கு மூளை வேலை செய்தது. பயத்தில் மட்டும்தான் அது வேலை செய்யும். ஒன்பதாம் வகுப்பில் ஓட்டக்காரப் பையன்கள் பன்னிரண்டு பேரைத் தனியாக அழைத்தேன். அதிகாரி எண்ணி முடித்ததும் பின் ஜன்னல் வழியாகக் குதித்து, கழிப்பறைக்குப் பின்பக்கமாக ஓடி, பத்தாம் வகுப்பில் உட்கார வேண்டும். அங்கே முடிந்ததும் அடுத்த வகுப்பு. நாலு வகுப்பு சுற்றினால் கணக்கு நேராகிவிடும்.

"ஓட்றது ஒண்ணும் பிரச்னை இல்ல சார்" என்றான் ஒருவன். "சட்டை வேர்த்துடும். அத்த இன்னா பண்றது?"

அந்தக் கேள்விக்கு நான் மரியாதை கொடுத்திருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பில் நுழைந்த அதிகாரி கடைசி வரிசைகளைப் பார்த்தார். பன்னிரண்டு பையன்கள், மீன்பாடி வண்டி மிதித்தவர்களைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இவர்களுக்கு என்ன?"

"பிராணாயாமம் சார்" என்றேன். "காலையில் பத்து நிமிடம் பழக்குகிறோம்."

அதிகாரி பாராட்டும் முகத்தோடு பேனாவை எடுத்தார். அப்போது வாசலில் சென்சஸ் மிஸ். பன்னிரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன், கண்ணாலேயே காலில் விழுந்தேன்.

"சார், இவங்க ஒம்போதாவது. அங்கயே எண்ணிட்டீங்க" என்றார் மிஸ். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னா சார் இது? ஒரு தலைய ரெண்டு தபா எண்ணினா, அப்பால எண்றதுக்கே இன்னா மரியாதை?"

என் ரத்தம் முழுவதும் காலுக்கு இறங்கி, அங்கிருந்தும் வெளியேற வழி பார்த்தது. அதிகாரி ஃபைலை மூடினார். மூடிய ஃபைலின் மேல் மிஸ் கையை வைத்தார்.

"ஜாஸ்தியா எண்றது தப்புன்னா கம்மியா எண்றதும் தப்புதான் சார். எங்க புள்ளைங்க எங்கயும் போயிடல, பக்கத்துத் தெருவுல கூழு வாங்கினு கீதுங்க. ரெஜிஸ்டர எடுத்துனு வாங்க, காட்றேன்."

"விதியில் அதற்கு இடமில்லை."

"விதிய எழுதனவரு ஆடி மாசம் இந்தப் பக்கம் வந்ததில்ல சார்."

அதிகாரி வந்தார். நியாயம் அழைத்ததா, ஜன்னல் வழியே வந்த கருவாட்டுக் குழம்பு வாசனை அழைத்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

தெருவில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அண்டா அண்டாவாகக் கூழ். வரிசையில் தூக்கு, சொம்பு, பிளாஸ்டிக் வாளி. மிஸ் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வாங்கிக்கொண்டார். அதிகாரி பெயரைக் கூப்பிட வேண்டும், பிள்ளை வந்து நிற்க வேண்டும், பதிவேட்டில் குறித்ததும் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பொட்டு. பொட்டு வைத்த கை இரண்டாவது முறை எண்ணப்படாது. தேர்தலில்கூட அவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. மளிகைக் கடை பாயின் மகன் கோயில் வாசலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் கையிலும் பொட்டு. கூழ் ஊற்றிய அம்மா அதிகாரி கையில் ஒரு சொம்பைத் திணித்து, "குடி நைனா, காலைலேந்து வெயில்ல கீற" என்றார். அதிகாரி குடித்தார். பிறகு அவரே பெயர்களைப் பாட்டு மாதிரிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. நான் தெரிந்த அம்மன்களையெல்லாம் கூப்பிட்டேன்.

"தீபிகா!"

கூட்டத்திலிருந்து ஒரு பெண் தூக்கோடு வந்து நின்றாள். நாற்பத்தொன்று! கொசுவலையை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன். அதிகாரி பேனாவைத் தாளில் வைத்தார். மிஸ்ஸின் மஞ்சள் விரல் நின்றுவிட்டது.

"நீ எங்கம்மா இங்க?"

"கூழுக்கு வந்தேன் மிஸ். அத்தை வூட்டுக்கு. சாயங்காலம் மீஞ்சூர் போயிடுவோம்."

அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. அவள் அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். போன மாதமே குடும்பம் மீஞ்சூருக்குப் போய்விட்டது. அங்கே ஒரு பள்ளியில் உட்கார்ந்து படிக்கிறாள். மாற்றுச் சான்றிதழ் மட்டும் இன்னும் வாங்கவில்லை.

மிஸ்ஸின் காதருகே போய்க் கிசுகிசுத்தேன். "மேடம், டி.சி. வாங்கல. பேர் இன்னும் நம்ம ரெஜிஸ்டர்லதான் இருக்கு. சட்டப்படி நம்ம பொண்ணு. தயவுசெய்து..."

"பேரு இங்க கீது. புள்ள அங்க கீது" என்றார் மிஸ். "நான் புள்ளய எண்றவ சார்."

தீபிகாவின் கன்னத்தைத் தட்டி, "போ, கூழு ஆறிடும்" என்று அனுப்பினார். அதிகாரியிடம் திரும்பி, "நாப்பதுதான் சார், எழுதிக்கோங்க" என்றார்.

அன்று எனக்கும் ஒரு சொம்பு கூழ் கொடுத்தார்கள். எனக்கு ருசி தெரியவில்லை. இரண்டாவது சொம்பிலும் தெரியவில்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நான் பேசாத நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். "இன்னிக்கோட ஒம்போது சார்" என்று டிபன் டப்பாவைத் திறந்தபடி அறிவித்தார்.

பணிநிரவல் கலந்தாய்வு நாளன்று கொசுவலை, டார்ச், என் மனைவி கட்டிக்கொடுத்த புளிசாதம் சகிதம் போனேன். அங்கே எனக்கு முன்னால் சென்சஸ் மிஸ் நின்றுகொண்டிருந்தார். மேசையில் ஒரு கடிதம். மூத்தவர் விரும்பினால் இளையவருக்குப் பதில் போகலாம் என்று விதியில் ஒரு வரி இருக்கிறதாம். இருபது வருடமாக அரசாணைகளைக் கரைத்துக் குடித்தவன் என்று பேர் வாங்கிய எனக்கு அந்த வரி தெரியாது.

"மேடம், நீங்க எதுக்கு?" என்றேன்.

"தலைய கழிச்சவ நானு. அப்பால நீ போனா எப்டி கணக்கு நேராவும்?"

"அதுக்காக ஏரி தாண்டியா?"

"உன் வூட்ல சம்பாதிக்கிறவன் ஒருத்தன், சாப்பட்றவங்க நாலு பேரு. சார்ந்தோர் விகிதம் எக்கச்சக்கம். என் வூட்ல மொத்தமே ஒரு தல. அது எங்க போனாலும் அடர்த்தி அதேதான்" என்று சொல்லிவிட்டு, நான் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்து, "ரொம்ப ஃபீல் பண்ணாத சார். உன்ன அனுப்சா அந்தூரு எழுத்தறிவு கொறஞ்சிடும்" என்றார்.

கொசுவலையை அவரே வாங்கிக்கொண்டார்.

இப்போது அங்கிருந்து வாட்ஸ்அப் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளை ஒரே நாளில் எண்ணி முடித்துவிட்டாராம். ஊரை ஒரு வாரத்தில். மீதி நேரத்துக்கு ஏரியில் இறங்கும் பூநாரைகளை எண்ணுகிறார். "பறந்து போயி திரும்ப வந்து உக்காருதுங்க. எது எண்ணுனது எது எண்ணாததுன்னு தெரியல. உங்க ஒம்போதாவது பசங்க மாதிரியே" என்று நேற்றுகூட ஒரு குரல்பதிவு.

எங்கள் அலுவலக அறை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ஆசிரியர் எண்ணிக்கை அதில் எழுதியிருக்கும். கிளம்பிய அன்று மிஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இருபத்து மூன்றைச் சேலைத் தலைப்பால் அழித்து, இருபத்து இரண்டு என்று எழுதி, தேதியும் போட்டுவிட்டுத்தான் படியிறங்கினார்.

யார் திருத்தி வைத்தாலும் தினமும் காலையில் அதை நான் மறுபடி இருபத்து மூன்றாக மாற்றுகிறேன். தலைமையாசிரியர் கண்டும் காணாமல் போகிறார். தப்புக் கணக்குதான். மிஸ்ஸே வந்து திருத்தட்டும்.