எண்பது அடுக்கு மண்

தை எட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். லேசான பனி, காற்றே இல்லை. (இருந்திருந்தால் பழியை அதன் மேல் போட்டிருப்பேன்.)

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் மருமகன் செந்தில் பனியன் துணி பின்னக் கட்டிய நிட்டிங் ஷெட்டுக்கு அன்று பால் காய்ச்சினோம். அவர் வாங்கிய இடத்தில் தூர்த்த கிணறு ஒன்று இருந்தது. "அது மேல மிஷின் போடலாமுங்களா மாமா?" என்று முன்பே என்னிடம் கேட்டிருந்தார். பேங்க் கடனில் வாங்கிய ஒரே மிஷின். தரை சாய்ந்தால் துணி கெடும், ஆர்டர் போகும்.

முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் மண் பொறியியல் நடத்தியவனிடம் கேட்டால் விடுவேனா? எடை ஏறினால் ஈர மண்ணிலிருந்து நீர் மெல்லக் கசியும். அந்த அளவுக்கு மண் இறங்கும். கிணற்றை எண்பது அடுக்காகப் பிரித்து, எந்த அடுக்கு எந்த மாதம் எவ்வளவு இறங்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டினேன். (ஒன்பது நாள். வீட்டில் லேப்டாப் விசிறி மட்டுமே என்னிடம் பேசியது.)

"எறங்க வேண்டியது எறங்கிருச்சு மாப்பிள்ளை. மிச்சம் மூணு மில்லிமீட்டர்" என்று தீர்ப்பு சொன்னேன். பால் காய்ச்சும் நாளுக்கு முன்பே மிஷின் வந்து இரண்டு வாரம் அங்கே நின்றது.

பால் கிழக்கே வழிய வேண்டும் என்று எல்லோரும் குனிந்து பார்த்தோம். அது மேற்கே வழிந்து, தரையில் ஓடி, மிஷினுக்கு அடியில் போய்த் தேங்கியது.

"ஏனுங்க, மூணு மில்லிமீட்டருக்கா இந்த ஓட்டம்?" என்றாள் என் மனைவி சரசு.

இடத்தை விற்ற தோட்டத்துக்காரரும் விருந்துக்கு வந்திருந்தார். "கெணத்துல என்ன மண்ணுங்க போட்டீங்க?" என்றேன்.

"மேலாப்புல செம்மண்ணுங்க. கீழ பூராவும் பனியன் வேஸ்ட்டுங்க. வண்டி வண்டியா வந்து கொட்டுனாங்க."

"சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே சாமி. மேல ஒரு கை மண்ண அள்ளிப் பையில போட்டுட்டுப் போனீங்க. பூஜைக்காக்கும்னு நெனச்சனுங்க."

மருமகன் முகம் சுளிக்கவில்லை. மிஷினை மறு மூலைக்கு நகர்த்தினார். அந்த ஓரத்துச் சுவரை இடித்து, கிணறு வெளியே வரும்படி உள்ளே தள்ளிக் கட்டி, வேஸ்ட்டை அள்ளி, மழைநீருக்கென்று கிணற்றைக் கிணறாகவே விட்டோம். இப்போது தண்ணீர் நிற்கிறது. எட்டிப் பார்த்தால் மனம் நிறைகிறது.

பேத்திதான் விடுவதில்லை. அடுப்பில் பால் ஏறினால் போதும்: "அப்புச்சி, இன்னிக்கு எத்தன மில்லிமீட்டருங்க?"

செலவை நானே ஏற்றுக்கொண்டேன். தோண்டிய கூலி, கட்டிய சுவர், மிஷின் நகர்த்திய கிரேன் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.