ஏழு கையெழுத்துப் பாதுகாப்பு

உலகில் வேறெந்த விமான நிறுவனமும் எட்டாத பாதுகாப்பின் சிகரத்தை, இந்தோனேசியாவின் மக்காசார் நகரத்து 'எலாங் திமூர்' நிறுவனம் ஒரே ஒரு படிவத்தால் எட்டிவிட்டது.

முன்பெல்லாம் மெக்கானிக் தென்ரி ஒருத்தி மட்டும் விமானத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவாள். அவள் தவறினால் என்னாவது? குழு அமைத்து ஆராய்ந்தார்கள். தவறு நேரக்கூடிய இடங்கள் ஏழு என்று தெரியவந்தது. எனவே ஏழு கையெழுத்து. பதவி வரிசை கெடலாமா? முதல் கையெழுத்து இயக்குநர் பாக் ருஸ்தமுடையது (அங்கே 'பாக்' என்றால் ஐயா, 'பு' என்றால் அம்மா). கடைசிக் கையெழுத்து தென்ரியுடையது. இயக்குநரே சரியென்று எழுதிய விமானத்தை மற்றவர்கள் குனிந்து பார்ப்பது அவரையே சந்தேகிப்பதாகும். ஆகவே இடையிலிருந்த ஐவரும் பாராமலே, 'மிகுந்த மரியாதையுடன்' கையெழுத்திட்டு வந்தார்கள்.

ஆயிரமாவது படிவத்தைக் கொண்டாட, கூட்ட அறையில் அவ்வூர் வழக்கப்படி மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்திருந்தார்கள். அதன் முனையை வெட்ட பாக் ருஸ்தம் கத்தியை எடுத்தபோது, எண்ணெய்க் கையோடு தென்ரி உள்ளே வந்தாள். விடிந்ததிலிருந்து அவள் விமானத்தின் அடியில்தான் படுத்திருந்தாள்.

"பாக், பத்து மணி விமானத்துல பிரேக் குழாய் ஒழுகுதுங்க. எழுபது பேர் ஏறக் காத்திருக்காங்க."

"ஆறு பேர் கையெழுத்துப் போட்டாச்சேம்மா!" என்றார் பாக் ருஸ்தம்.

"பாக் ருஸ்தம் சரின்னு சொன்னப்புறமும் ஒழுகுதா? குழாய்க்கு அவ்வளவு தைரியமா?" என்றார் தர அதிகாரி பு ஹஸ்னா.

தென்ரி ஒரு படிவத்தை மேசையில் வைத்தாள். "நேத்து சும்மா இப்படி எழுதி அனுப்பிப் பார்த்தேன். படிங்க, பாக்."

பாக் ருஸ்தம் உரக்க வாசித்தார். "இடது இறக்கை: இல்லை. பறக்கத் தகுதி: உண்டு." கீழே ஆறு கையெழுத்து. முதலாவது அவருடையது.

யாரோ முந்திக்கொண்டு எடுத்திருந்த கோழித் துண்டை மெல்லத் தட்டில் வைத்தார்கள்.

"மேல இருக்கறவர் பார்த்திருப்பார்னு நினைச்சு..." என்று தொடங்கிய பு ஹஸ்னா, மேலே இருப்பவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கீழ ஆறு பேர் பார்ப்பீங்கன்னுதானே நான் முதல்ல போட்டேன்!" என்றார் பாக் ருஸ்தம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, நேரமாகுது. ஏழாவதை நீ போட்டுடும்மா."

"மாட்டேன், பாக். குழாயையும் கழட்டிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, மஞ்சள் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். அது அங்கேயும் ஒழுகியது.

நான்கு மணி நேரம் கழித்து, புதுக் குழாயோடு கிளம்பிய விமானம் எழுபது பேரையும் அம்போன் தீவில் பத்திரமாக இறக்கியது. பாதுகாப்புக் குழு சும்மா இருக்குமா? தீவிரமாக விசாரித்தது. அந்த ஆண்டு அறிக்கையில் பதிவான ஒரே குறைபாடு இதுதான்:

'விமானம் தாமதம். காரணம்: ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டாள்.'