அணில் சொன்ன ராப், குரங்கு சொன்ன ஸ்டோல்

ஒரு காட்டில் செவ்வந்தி என்ற அணிலுக்கு அநியாயம் நடந்தது. மழைக்காலத்துக்கென்று அவள் பொந்தில் சேர்த்துவைத்திருந்த வேர்க்கடலை முழுவதையும் டென்னிஸ் என்ற குரங்கு பட்டப்பகலில் அள்ளிக்கொண்டு போய்விட்டது. பொந்தில் மிஞ்சியவை குட்டிகளும் அவற்றின் பசியும்தான்.

அழுதுகொண்டே மரத்தடிக் காவல் நிலையத்துக்கு ஓடினாள். அந்தக் காட்டில் புகாரை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை. தமிழில் சொன்னால் மதிக்கமாட்டார்கள் என்று விலங்குகள் தாமாகவே பிடித்துக்கொண்ட வழக்கம். செவ்வந்தியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "டென்னிஸ் ராப் மை கடலை" என்றாள்.

ஏட்டையா கரடிக்கு முகம் சுருங்கியது. "என்னம்மா இது? பொருளை எடுத்தா ஸ்டீல். ஆளைக் கொள்ளையடிச்சா ராப். கடலையைப் போய் எப்படிம்மா ராப் பண்ண முடியும்?"

"என்னமோ ஒண்ணு ஏட்டையா! பிள்ளைங்க பட்டினி. அவன் இந்த மரத்துமேலதான் உக்காந்து தின்னுட்டிருக்கான். பாருங்க, தோல் உங்க தலையிலயே விழுது!"

"அவசரப்படாதே. வார்த்தை தப்பினா கேஸ் நிக்காது."

வரிசையில் நின்ற ஆடு சிரித்தது. "எங்க வீட்டுச் சின்னதுகூட இதைச் சரியாச் சொல்லும்."

"உன் தழையைத் தூக்கிட்டுப் போனா நீ முதல்ல இலக்கணம் பாப்பியாடி?" என்று சீறினாள் செவ்வந்தி.

யாராவது ஒருவர் அண்ணாந்து பார்த்திருக்கலாம். இல்லை. தலையில் விழுந்த தோலைத் தட்டிவிட்டுக்கொண்டு விவாதத்தைத் தொடர்ந்தார்கள். இது ராப்தான் என்றது முயல். ஸ்டீல்தான் என்றது ஆமை. சந்தேகம் தீராமல் கடைசியில் டென்னிஸையே கூப்பிட்டார்கள். அவன் கான்வென்ட் பள்ளி மாமரத்தில் வளர்ந்தவன். பாடமெல்லாம் ஜன்னல் வழியாகவே காதில் ஏறியிருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்தான். "ஐ ராப்ட் செவ்வந்தி. ஐ ஸ்டோல் ஹெர் பீனட்ஸ்."

நிலையமே எழுந்து கைதட்டியது. "என்னா உச்சரிப்பு!" என்று ஆமை உருகியது.

"அதான் அவனே ஒத்துக்கிட்டானே! பிடிச்சு உள்ள போடுங்க ஏட்டையா!"

கரடி தன் நாற்காலியைத் துடைத்து டென்னிஸுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"டென்னிஸ் சாரை உள்ள போட்டா, இனிமே வர்ற புகாரையெல்லாம் யாரும்மா திருத்துறது? நீ போய் நல்லாப் படிச்சுட்டு வந்து சார்கிட்டயே புகார் சொல்லு. வரும்போது அவருக்குக் கொறிக்க ஏதாச்சும் கொண்டுவா."

நீதி: திருட நினைப்பவர்கள் முதலில் ஆங்கிலம் கற்க வேண்டும், பறிகொடுக்கப் போகிறவர்கள் அதற்கும் முன்பே கற்றிருக்க வேண்டும்.