பிரசவ வார்டில் ஒரு பொம்மை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். என் வாய் மட்டும் கொஞ்ச நாளாக அடங்கிக் கிடக்கிறது. ஏன் என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகளுக்குப் பிரசவம் உங்கள் ஊரிலா எங்கள் ஊரிலா என்று நாம் போட்ட சண்டை மறந்திருக்காது. நான் லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்டைத்தான் பார்ப்பேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மூன்று லிஃப்ட், மாடிக்கு மாடி மீன் தொட்டி. உங்கள் ஊரிலோ ஒரே தளம், கால் ஆடுகிற பெஞ்சு. மாடியே இல்லாத ஆஸ்பத்திரியில் என் பெண்ணா என்று குதித்தேன். அவளோ, இங்கேதான் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். சரி, குறையாவது கண்டுபிடிப்போம் என்று வார்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், நாலு நர்சுகள் சேர்ந்து ஒரு ரப்பர் குழந்தைப் பொம்மையைத் துடைக்கிறார்கள், முதுகைத் தேய்க்கிறார்கள், அதன் முகத்தில் ஒரு மூடியை வைத்து ஏதோ பையை அமுக்குகிறார்கள். என்னம்மா இது என்றேன்.

"வாராவாரம் பழகறதுதான் சார். கை மறந்துடக் கூடாதில்ல" என்றார் தலைமை நர்சு.

வேலை நேரத்தில் பொம்மை விளையாட்டா என்று கொதித்துப்போய் டாக்டரம்மாவிடம் புகார் சொல்லப் போனேன். அவரும் அந்த விளையாட்டில் சேரத்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

இனி எழுதுவது நானும் மாப்பிள்ளையும் உங்களிடம் மறைத்தது. பிரசவத்தன்று நீங்கள் டீ வாங்கப் போனீர்களே, அப்போது குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் அழவில்லை, மூச்சும் விடவில்லை. மாப்பிள்ளை உள்ளே, நான் கதவுக்கு வெளியே. உள்ளே யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் தேடி ஓடவில்லை. துடைக்கிற சத்தம், பை அமுங்குகிற சத்தம், ஒருவர் மெதுவாக எண்ணுகிற சத்தம், அவ்வளவுதான். பொம்மைக்குச் செய்ததையெல்லாம் என் பேத்திக்குச் செய்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு ஓர் அழுகை கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை. நீங்கள் டீயோடு வந்து, "பாத்தீங்களா சம்பந்தி, எவ்வளவு சுலபமா முடிஞ்சிடுச்சு" என்றீர்கள். நான் டீயை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். டீ ரொம்பச் சூடு என்று சமாளித்தேன்.

ஊர் திரும்பியதும் மனசு கேட்காமல் எங்கள் ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். இங்கேயும் பொம்மை இருக்கிறது. வெளிநாட்டுப் பொம்மை, உங்களுடையதைவிட உசத்தி. மேலே போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிரிங்கம்மா, பழகுங்கம்மா, இங்கயும் பொண்ணுங்க பிள்ளை பெத்துக்கறாங்களே என்று அங்கிருந்த நர்சுகளிடம் கெஞ்சிவிட்டு, லிஃப்டில் ஏற வெட்கமாக இருந்ததால் படியில் இறங்கி வந்தேன்.

அந்த நர்சுகளுக்கும் டாக்டரம்மாவுக்கும் என் கும்பிடைச் சேர்ப்பியுங்கள். அவர்கள் குடும்பம் குட்டியோடு நன்றாக இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், பேத்திக்கு ஆயிரம் முத்தம்.

இப்படிக்கு,
தோற்றதில் சந்தோஷப்படும் தங்கள் சம்பந்தி

பி.கு.: படித்ததும் கிழித்துவிடவும். இங்கே சொந்தக்காரர்களிடம், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று அடம்பிடித்தவர் நீங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் எல்லோரும் குழந்தையைப் பார்க்க அங்கே வருகிறார்கள். தயவுசெய்து, தோற்றுப்போனதில் கொஞ்சம் வருத்தப்படுவதுபோல் இருங்கள்.