எதிர்வாசல் பல்கலைக்கழகம்

மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. சூட்கேஸ் கடைக்காரருக்கு அதுதான் கவலை. கிடைத்த பல்கலைக்கழகம் கடைக்கு நேர் எதிரே இருந்தது.

"ரோட்டைத் தாண்டுறதுக்குப் பேரு மேற்படிப்பா?"

"ஆறு கடல்ல சேர்ற இடம்ப்பா இது. கழிமுகத்தைப் பத்திப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் போனா கடல் படத்துலதான் இருக்கும்."

அவரோ மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய யுனிவர்சிட்டிக்குத்தான் அனுப்பப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கடையிலேயே பெரிய பெட்டியில் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி ஒட்டி, வாசலில் வேறு நிறுத்தியிருந்தார்.

"அவளுக்குக் குடை ஒண்ணு போதும். பெட்டியை வித்துடுங்க" என்றாள் மனைவி.

விற்றால் மானம் என்னாவது? கடைக்குப் பின்னாலேயே வீடு. பின்வாசல் வழியாக மகளை வகுப்புக்கு அனுப்பி, வாசலில் நின்ற பெட்டியையும் உள்ளே ஒளித்துவிட்டு, "ஊருக்குப் போயாச்சு" என்று அறிவித்தார்.

மறுநாளே பக்கத்துக் கடை சலூன்காரர் கத்திரியும் கையுமாக வந்தார்.

"என்னண்ணே, பாப்பா எதிர்ல நிக்குது?"

"லீவு."

"நேத்துதானே போச்சு?"

"பெரிய யுனிவர்சிட்டி. லீவும் பெரிசாத்தான் விடுவாங்க."

அடுத்த நாளும் அவள் கண்ணில் பட்டாள். கடைக்காரர் அசரவில்லை. "அவ மூளையைப் பார்த்துட்டு, இங்க இருக்கறவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லி அவங்களே அனுப்பிட்டாங்க."

சலூன்காரர் சும்மா இருப்பாரா? மாலைக்குள் தெருவே வாசலில் திரண்டு, 'புரொஃபசரம்மா'விடம் பிள்ளைகளுக்கு ட்யூஷன் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் மகள் புத்தகத்தைப் பொத்தென்று வைத்தாள். "எனக்குப் பட்டமெல்லாம் வேண்டாம்ப்பா. என் காலேஜுக்கு முன்வாசல் வழியாப் போகணும். அவ்வளவுதான்."

"மலைக்கு அந்தப் பக்கம் போ. தெருவே பார்க்க முன்வாசல் வழியா அனுப்பறேன்!" இங்கே கிடைத்த இடத்தை நாளைக்கே ரத்து செய்வதென்று முடிவுகட்டி, ஒளித்து வைத்த பெட்டியை வெளியே இழுத்து அவள் துணிகளை அடுக்கினார். அவர் ஒன்று வைக்க, அவள் ஒன்று எடுத்தாள்.

அந்த நேரத்தில், சக்கரம் உடைந்த பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மூச்சிரைக்க வந்தார். பின்னால் அவர் மகள்.

"சக்கரம் மாத்தணும் சார். மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றோம்." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எதிர்ல பொண்ணுக்கு இடம் கிடைச்சிருக்கு!"

கடைக்காரர் கையிலிருந்த துணி நழுவியது. "உங்க ஊர்லயே பெரிய யுனிவர்சிட்டி இருக்கே சார்?"

"அதுவா?" வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். "அது எங்க வீட்டுக்கு எதிர்லதான் இருக்கு. அதுல சேர்த்துட்டு நான் தெருவுல தலைகாட்ட முடியுமா?"