மூன்று டாலருக்கு மேற்படாத கேக்

"அப்பா, சாமி நாம கேட்டதைவிட அதிகமா ஆயுசு குடுத்துட்டா, யாராச்சும் கோவிச்சுக்குவாங்களா?"

ஞாயிறு வேதவகுப்பு முடிந்து வந்த ஐந்து வயது மகள் இப்படிக் கேட்டபோது மெர்ல் ஹாகனுக்குப் பதில் தெரியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, இருநூற்றுப் பதினான்கு பக்கங்களில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் விண்ணப்பமாக அந்தப் பதில் அவருடைய மேசைக்கே வந்து சேர்ந்தது.

மனிதகுலம் கண்ட காவல் ஏற்பாடுகளில் மாநிலக் காப்பீட்டுத் துறைக்கு நிகரானது வேறில்லை. அதன் அனுமதியின்றி எந்த நிறுவனமும் முதியவர்களிடம் ஒரு காசு கூடுதலாக வாங்க முடியாது. அனுமதியோடு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். அங்கே விசாரணை அதிகாரி மெர்ல். ஜெபிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்காத நல்ல மனிதர்.

நிறுவனத்தின் மனக்குறை இதுதான். முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டை விற்ற நாளில், பலர் பாதியிலேயே கட்டுவதை நிறுத்திவிடுவார்கள், மற்றவர்கள் உரிய காலத்தில் இறந்துவிடுவார்கள் என்று அது நம்பியிருந்தது. வாடிக்கையாளர்கள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை. தவறாமல் கட்டினார்கள், தவறாமல் உயிரோடும் இருந்தார்கள். ஆகவே பிரீமியத்தை எண்பது விழுக்காடு உயர்த்த வேண்டும்.

பிப்ரவரிப் பனியில் நடந்த 'பொது விசாரணை'க்குப் பொதுமக்கள் சார்பில் ஒரே ஒருவர் வந்தார். எண்பத்தொரு வயது வெர்னா டோலெஃப்சன். அவர் பிடித்து நடந்து வந்த நடைவண்டியின் கூடையில் ஒரு தட்டு.

"எலுமிச்சை கேக், எடுத்துக்கங்கப்பா. இந்தக் குளிர்ல வந்திருக்கீங்க" என்று நிறுவனத்தின் பிரதிநிதி பிரெஸ்டனுக்கே முதலில் நீட்டினார். அடுத்து மெர்லிடம் வந்தார்.

"தொடாதீங்க!" துறை வழக்கறிஞர் ஜனெல் துள்ளி எழுந்தார். "அரசு ஊழியர் மூணு டாலருக்கு மேல அன்பளிப்பு வாங்கக்கூடாது. மீறி வாங்கினா திருப்பிக் குடுத்தாகணும். அம்மா, ஒரு துண்டு என்ன விலை?"

"விலையா? வீட்டுல செஞ்சதும்மா."

"வெண்ணெய் எவ்வளவு போட்டீங்க?"

"தாராளமா."

ஜனெல் 'தாராளம்' என்று குறித்துக்கொண்டார். "முட்டை?"

"பக்கத்து வீட்டுக் கோழி."

"அந்தக் கோழிக்காரருக்கு இந்தக் கம்பெனியில பாலிசி இருக்கா?"

நாற்பது நிமிடம் நடந்தது கேக் மீதான விசாரணை. மீதமிருந்த பன்னிரண்டு துண்டுகளும் தட்டோடு 'ஆவணம் பதினான்கு' ஆயின. பிறகு வெர்னாவுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கப்பட்டது.

"இருபத்தாறு வருஷமா கட்டுறேன் தம்பி. ஓட்டல்ல தட்டு தூக்குன காசு. எனக்குப் புள்ளைங்க இல்ல. கை கால் விழுந்துட்டா, குளிப்பாட்டி விட ஒரு ஆள் வரணும், அதுக்குத்தான். இன்னும் ஏத்துனா என்னால முடியாது."

பிரெஸ்டன் கனிவோடு குறுக்கிட்டார். "வழி இருக்கும்மா. பழைய பிரீமியமே கட்டுங்க. ஆயுசு முழுக்க வர்ற பராமரிப்பை ரெண்டு வருஷமா குறைச்சுக்கலாம்."

"ரெண்டு வருஷம் கழிச்சு?"

"அதுக்குள்ள..."

மணி அடித்தது. அவர் பேசியதும் வெர்னாவின் நேரத்தில்தான் சேர்ந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா, நேரம் முடிஞ்சிருச்சு" என்றார் மெர்ல்.

"நாந்தான் தம்பி மன்னிப்பு கேக்கணும். இவ்வளவு நாள் இருப்பேன்னு நானே நெனைக்கல."

மெர்ல் அஞ்சாமல் போராடி எண்பதை அறுபதாகக் குறைத்தார். முதலிலிருந்தே அறுபதுக்கு ஆசைப்பட்ட நிறுவனம் கனத்த இதயத்தோடு தலைவணங்கியது. 'முதியோருக்கு இருபது விழுக்காடு சேமிப்பு' என்று துறை அறிக்கை விட்டது. வெர்னா இரண்டு வருடப் பராமரிப்பே போதும் என்று கையெழுத்துப் போட்டு, துறைக்கு நன்றி அட்டையும் அனுப்பினார். அதன் மதிப்பு மூன்று டாலருக்குள்தான் என்று ஜனெல் சான்றளித்தார்.

ஆனால் ஆவணம் பதினான்கில் இப்போது பதினோரு துண்டுகளே இருந்தன. விசாரணையன்று மதியம், ஆவண அறையில், ஜெபித்துவிட்டு ஒன்றைத் தின்றவர் மெர்ல்தான். அவ்வளவு வெண்ணெய் எப்படியும் மூன்று டாலரைத் தாண்டியிருக்கும் என்று மனசாட்சி குத்தியது.

வழக்கு முடிந்து தட்டு விடுவிக்கப்பட்ட சனிக்கிழமை, வெர்னா தேவாலயத்தில் போர்வை தைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, மெர்ல் அவர் வீட்டுக்குப் போனார். படிகளில் கிடந்த பனியை வழித்துத் தள்ளினார். அந்த ஊர்ப் பக்கம் யாரும் தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. தானே செய்த, ஓரம் கருகிய பன்னிரண்டு துண்டுகளோடு அதை வாசலில் வைத்தார். பெயர் எழுதவில்லை. யாரும் பார்க்கவில்லை.

மெர்ல் நேர்மையானவர். வெர்னா இருபத்தாறு ஆண்டுகளாகக் கொடுத்ததில், திருப்பிக் கொடுக்கும்படி சட்டம் சொன்னது கேக்கை மட்டும்தான். அதை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.