கோட்டுப் போட்ட மாத்திரை

பழியை முட்டிவலி மாத்திரையின் தலையில் போட்டுவிடுவது என்று தமிழ்வேந்தன் முடிவெடுத்தார். மாத்திரைக்கு வாய் கிடையாது. மறுத்துப் பேசாது.

வேறு வழியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலத்தில் மச்சான் வீட்டுப் புதுமனை விருந்து. வெள்ளாட்டுக் கறி. அதுவரை ரோட்டுக்கடைப் பக்கம் போகாமல் இருந்தால்தான் கறி என்பது மனைவி மெர்சியின் தீர்ப்பு. ஆர்.எஸ்.புரத்து மருந்துக்கடையில் பதினெட்டு வருசமாக மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். அப்பீல் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனுசன் ரோட்டுக்கடையில் காரமான மசாலாக் காளானை ஒரு தட்டு உள்ளே தள்ளிவிட்டார். வயிறு அடுப்பானது. ஒளித்து வைத்திருந்த அசிடிட்டி சிரப்பில் மூன்று மூடி குடித்தார். கையோடு முட்டிவலி மாத்திரையையும் விழுங்கினார். எரிச்சல் இரண்டு மடங்கானது. மெர்சி எதிரிலேயே ஏப்பம் வந்துவிட்டது.

"ஏன் அம்மணி, நீ குடுத்த மாத்திரை வயித்தப் பொசுக்கிப்போட்டுதே."

"அப்படீங்களா? எத்தன நேரத்துல?"

"பத்தே நிமிசம்."

"அசிடிட்டி சிரப்பு ஏதும் குடிச்சீங்களா?"

"தொட்டுக்கூடப் பாக்கல."

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அந்த மாத்திரைக்கு மேல ஒரு கோட்டு இருக்குதுங்க. வயித்து அமிலத்துல அது கரையாது. கொடலுக்குப் போய்த்தான் கரையும். வயித்தக் கெடுக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சிருக்கறாங்க."

"கோட்டு கிழிஞ்சிருக்குமோ என்னமோ."

"தானாக் கிழியாதுங்க. சிரப்பு ஊத்துனா அமிலம் கொறையும். கொடலு வந்துருச்சாட்ட இருக்குதுன்னு மாத்திரை வயித்துலயே கோட்டக் கழட்டிப்போடும். ரெண்டுக்கும் ரெண்டு மணி நேரம் எடைவெளி உடச் சொல்றது அதுக்குத்தான். அப்ப, சிரப்பு குடிச்சிருக்கறீங்க. பத்தே நிமிசத்துல கோட்டு கழண்டுதுன்னா, மாத்திரைக்கு முன்னாடியே குடிச்சிருக்கோணும். அப்ப வயிறும் முன்னாடியே எரிஞ்சிருக்குது. காலைல இட்லி, மத்தியானம் தயிர்சோறு, ரெண்டும் நாங்குடுத்தது. மிச்சத்த நீங்களே சொல்லிப்போடுங்க."

தமிழ்வேந்தனுக்குக் கோபம் வரவில்லை. மலைப்புதான் வந்தது. வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், உள்ளே நடந்ததை நேரம் வாரியாகச் சொல்கிறாளே இவள். இப்பேர்ப்பட்ட மூளையோடா இருபத்திரண்டு வருசமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம்?

"காளானுங்க," என்றார், கையைக் கட்டிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை பந்தியில் அவர் இலையில் ரசஞ்சோறு. வருத்தம் இருந்தாலும் பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது. பக்கத்து இலை, எதிர் இலை என்று ஒருத்தர் விடாமல் மெர்சியின் துப்பறிதலைக் கோட்டு சகிதம் விவரித்தார். கேட்டுக்கொண்டிருந்த மச்சான் நெகிழ்ந்துபோனார்.

"எந்தங்கச்சிக்கு இத்தன புத்தியிருக்கும்னு எனக்கே தெரியாதுங்க மாப்ள."

சொன்ன கையோடு, மாப்பிள்ளைக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த நல்லியெலும்பை மெர்சியின் இலையில் வைத்தார்.